மிடில்மார்ச்சோடு நிற்கும் சைக்கிள் பாதையை டனீடின் வரை நீட்டலாமா?

சைக்கிள்_செல்வி

ஒட்டாகோ சென்ட்ரல் ரயில் டிரெய்லைக் கிளைடில் தொடங்கி மிடில்மார்ச்சில் முடித்துவிட்டு இப்போதுதான் கிறைஸ்ட்சர்ச் திரும்பினோம். சூடு ஆறுவதற்குள் ஒரு விஷயத்தை இங்கே வைத்துவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நியூசிலாந்தின் தென் தீவில், டனீடின் பக்கமிருந்து உள்நாட்டுக்குப் போன ரயில் பாதை இது. 1879ல் வேலை தொடங்கியது. 1891ல் மிடில்மார்ச், 1898ல் ரான்ஃபர்லி, 1907ல் கிளைட், 1921ல் குரோம்வெல் என்று நாற்பது வருடம் ஊர்ந்து ஊர்ந்து போட்டார்கள். 1990ல் மிடில்மார்ச்சுக்கு அப்பால் மூடிவிட்டு, தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்தார்கள். 1993ல் நிலம் இயற்கைப் பாதுகாப்புத் துறைக்கு வந்தது. 2000ல் 152 கி.மீ. பாதையும் சைக்கிளுக்கும் நடைக்கும் குதிரைக்கும் முழுதாகத் திறந்தது.

ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ரயில் போட்டவர்கள் நமக்கு என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று. நீராவி எஞ்சினுக்கு ஏற்றம் ஆகாது. அதனால் ஐம்பது அடிக்கு ஒரு அடிக்கு மேல் எங்கும் ஏறவில்லை. வெடர்பர்ன் பக்கம் 618 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம், ஆனால் முழங்காலுக்குச் சேதியே போகவில்லை. சாட்டோ கிரீக் தாண்டி டைகர் ஹில்லில் மேட்டை நேராக ஏறாமல் பாதை நீளமாக வளைந்து போகிறது. அந்த வளைவு நமக்காகப் போட்டதல்ல, மூச்சு வாங்கும் எஞ்சினுக்காகப் போட்டது.

அப்புறம் பூல்பர்ன் மலையிடுக்கு. இரண்டு குகை, 37 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம். குகைக்குள் விளக்கு கிடையாது. இறங்கி டார்ச்சோடு தள்ளிக்கொண்டு போனோம். வெளிச்சத்தைச் சுவரில் அடித்தால் உளி கொத்திய தடம் வரிவரியாகத் தெரிகிறது. கை வைத்தால் ஈரம். வெளியே வந்ததும் பாலத்துப் பலகைகள் சக்கரத்துக்குக் கீழே தடதடவென்று அதிர்கின்றன. பலகை இடுக்கு வழியாகக் கீழே ஆறு தெரிந்தது.

சரி, விஷயம் இதுதான். இத்தனையும் மிடில்மார்ச்சில் முடிந்துபோகிறது. அங்கிருந்து டைரி மலையிடுக்கு வழியாக டனீடின் பக்கம் போகிற சுமார் 60 கி.மீ. பாதையில் இன்னும் தண்டவாளம் கிடக்கிறது. 1990ல் நகராட்சி வாங்கி, சுற்றுலா ரயில் ஓட்டியது. 2020ல் கொரோனா வந்ததும் அது நின்றது. அப்புறம் அந்தத் தடத்தில் குட்டிப் பயணங்கள் நடந்தாலும் மிடில்மார்ச்சுக்கு ரயில் வருவதில்லை. அந்தத் தண்டவாளத்தையும் எடுத்துவிட்டு டனீடின் வரை சைக்கிள் பாதை ஆக்கினால் என்ன? அந்தப் பேச்சு ஊரிலும் அடிபடுகிறது. நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். நகராட்சிக்கு ஒரு மனு எழுதலாம், கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?

போடி_ராசு

நான் வரமாட்டேன் அக்கா. எதிர்த்து எழுதுவேன்.

நான் டனீடினில் இருக்கிறேன், சைக்கிளும் ஓட்டுகிறேன், உங்கள் 152 கி.மீ. எனக்கும் பிடித்த பாதைதான். அங்கே தண்டவாளம் போய்விட்டது, பாதை வந்தது, நல்லது. ஆனால் இருக்கிற தண்டவாளத்தைப் பிடுங்கிச் சைக்கிள் பாதை போடு என்பது வேறு பேச்சு. இங்கே ரயில் நிற்கிறது, சாகவில்லை.

என் சொந்த ஊர் போடிநாயக்கனூர். மதுரை–போடி மீட்டர் கேஜை அகலப்பாதை ஆக்கப் போகிறோம் என்று 2010 கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். வருடக்கணக்கில் ஸ்டேஷனில் ஆடுதான் மேய்ந்தது. இனி எங்கே வரப்போகிறது என்று எங்கள் தெருவிலேயே சொன்னார்கள். 2022ல் தேனிக்கு வந்தது, 2023ல் போடிக்கு வந்தது. நடுவில் யாராவது நல்ல மனதோடு, "சும்மாதானே கிடக்கிறது, நடைபாதை போட்டுவிடலாம்" என்று கிளம்பியிருந்தால் இன்றைக்குப் போடியிலிருந்து சென்னைக்கு ரயில் ஏறியிருக்க முடியுமா?

இன்னொன்று. ஒட்டாகோ ரயில் தானாகச் சாகவில்லை. இந்த நாட்டில் லாரி 150 கி.மீ.க்கு மேல் ரயிலோடு போட்டி போட்டுச் சரக்கு ஏற்ற முடியாது என்று ஒரு வரம்பு இருந்தது. 1980களில் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்தார்கள். ஆட்டு ரோமமும் பழமும் லாரிக்குப் போயின. பயணிகள் ரயிலை அதற்கு முன்பே 1976ல் நிறுத்திவிட்டார்கள். கிளைட் அணை கட்டும்போது மட்டும் சாமான் ஏற்ற ரயில் வேண்டியிருந்தது. அந்த வேலை முடிந்த கையோடு மூடினார்கள். சட்டத்தால் போனது சட்டத்தால் திரும்பலாம். தண்டவாளம் இருந்தால்.

சைக்கிள்_செல்வி

ராசு தம்பி, போடியையும் மிடில்மார்ச்சையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள். மதுரைக்கும் போடிக்கும் நடுவில் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி என்று லட்சக்கணக்கில் சனம். ரான்ஃபர்லியில் ஆயிரம் பேர்கூட இல்லை. மிடில்மார்ச் அதையும்விடச் சின்னது. எந்தச் சட்டம் வந்தாலும் அங்கே தினசரி ரயிலில் ஏற ஆள் ஏது?

நின்றுபோன ரயிலும் ஊர்க்காரர்களுக்கு ஓடியதல்ல. பெரும்பாலும் துறைமுகத்தில் கப்பலில் வந்து இறங்கும் சுற்றுலாக்காரர்களுக்கு ஓடியது. கப்பல் நின்றதும் ரயிலும் நின்றது. அதை மிடில்மார்ச்சுக்காரரின் போக்குவரத்து என்று சொல்ல முடியுமா?

பாலங்களைப் பாருங்கள். அந்த 60 கி.மீ.யில், டனீடின் முனைப் பக்கம் உள்ள விங்கடுயி பாலம் 1887ல் கட்டியது. 197 மீட்டர் நீளம், 47 மீட்டர் உயரம், முழுக்க இரும்பு. அதன் மேல் எஞ்சினும் பெட்டிகளும் போக வேண்டுமென்றால் அந்தப் பாரத்துக்கு ஏற்றபடி வருடா வருடம் சோதித்து, மாற்றி, பலப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். சைக்கிளுக்கு அதில் ஒரு பங்கு பலம் போதும்.

போடி_ராசு

துருவுக்கு ரயிலா சைக்கிளா என்று தெரியாது அக்கா. இரும்புப் பாலத்துக்குப் பெயிண்ட் அடிக்கிற செலவும், குகையில் கல் விழாமல் பார்க்கிற செலவும், மழையில் மேடு சரிந்தால் கட்டுகிற செலவும் இரண்டுக்கும் வரும். டிக்கெட் விற்கிற ரயிலே தாங்காத செலவை டிக்கெட் இல்லாத சைக்கிள் பாதை எப்படித் தாங்கும்? கடைசியில் வரிப்பணம்தான்.

நீங்கள் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருக்கிறது. அந்த ரயில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போனது. டனீடின் ஸ்டேஷனில் சைக்கிளோடு ஏறி, புகெராங்கியில் இறங்கி, அங்கிருந்து 19 கி.மீ. ரோட்டில் மிதித்து மிடில்மார்ச் போய்ப் பாதையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். சில நாட்களில் மிடில்மார்ச்சுக்கே ரயில் போகும். மலையிடுக்கைச் சன்னலில் பார்த்துக்கொண்டு வந்து சமவெளியில் இறங்கி மிதிப்பது. ரயிலும் பாதையும் ஒன்றுக்கொன்று ஆள் கொடுத்தன. ரயிலை எடுத்தால் பாதைக்கே ஒரு கை போகும்.

கலப்பை

செல்வி அக்கா, ராசு அண்ணா, வணக்கம். நான் மானியோடோட்டோ பக்கம் ஒரு பண்ணையில் வேலை செய்கிறேன். பாதை எங்கள் வேலியை ஒட்டித்தான் போகிறது. இங்கே உள்ளவர்கள் சொல்வதை மட்டும் சொல்கிறேன்.

பாதை வரும் முன் பண்ணைக்காரர்களில் பலர் எதிர்த்தார்களாம். கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள், ஆடு கலந்துவிடும், தீ வைத்துவிடுவார்கள் என்ற பயம். இன்றைக்கு அதே வீடுகளில் சில தங்கும் விடுதி. சாட்டோ கிரீக், வெடர்பர்ன் மாதிரி இடங்களில் சைக்கிள்காரர்கள் வராவிட்டால் சாராயக்கடையும் சாப்பாட்டுக் கடையும் ஓடாது என்று எங்கள் முதலாளியே சொல்வார். இதைச் செல்வி அக்கா பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கேட் விஷயம் இன்னும் தீரவில்லை. திறந்திருந்தால் திறந்தபடி விடு, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போ. இந்த ஒன்றைச் செய்தால் போதும். ஆடு குட்டி போடும் செப்டம்பரில் ஒரு கேட் திறந்து கிடந்தால் இரண்டு மந்தை கலந்துபோகும், பிரித்து முடிக்க எங்களுக்கு ஒரு பகல் போய்விடும்.

மலைக்காற்று

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மின்சைக்கிளில் இந்தப் பாதையைப் போகலாமா? குழுவில் ஒருவர், "அது ஏமாற்று வேலை" என்கிறார்.

கலப்பை

தாராளமாகப் போங்கள் ஐயா. எங்கள் பக்கம் பாதிக்குப் பாதி மின்சைக்கிள்தான். எதிர்க்காற்று அடித்தால் ஏன் என்று தெரியும். மத்தியானத்துக்கு மேல் வடமேற்குக் காற்று கிளம்பினால் சமதரையில்கூட மேடு ஏறுகிற மாதிரி இருக்கும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள். நடப்பவர்களைத் தாண்டும்போது மணி அடியுங்கள், ஜல்லி மண்ணில் சத்தமில்லாமல் பின்னால் வந்து நின்றால் பயந்துபோகிறார்கள்.

சைக்கிள்_செல்வி

மின்சைக்கிள் ஏமாற்று என்று சொன்னவர் யாராக இருந்தாலும் தவறு. போங்கள் ஐயா. பேட்டரியை இரவு தங்கும் இடத்தில் ஏற்றிக்கொள்ளலாமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள்.

ராசு, புகெராங்கி ரயில் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் அது இருந்த காலத்துப் பேச்சு. இப்போது அந்த 60 கி.மீ. என்னவாகிறது? ஆளில்லாத தண்டவாளத்தில் முள்செடி ஏறுகிறது, ஸ்லீப்பர் கட்டை உளுக்கிறது. பெரும்பாலான தூரத்துக்கு அந்த மலையிடுக்கில் பக்கத்தில் ரோடே கிடையாது. ரயில் இல்லையென்றால் அந்த இடத்தை யாரும் பார்க்கவே முடியாது. பத்துக் குகையும் பாலங்களும் பூட்டிய வீடாகக் கிடக்க வேண்டுமா?

ஹைட் பக்கம் போனபோது எனக்கு இதுதான் தோன்றியது. 1943 ஜூன் 4ல், குரோம்வெல்லிலிருந்து டனீடின் போன ரயில் ஒரு வளைவில் வேகம் தாங்காமல் தடம் புரண்டது. 21 பேர் இறந்தார்கள். நியூசிலாந்தின் மிகப் பெரிய ரயில் விபத்துகளில் ஒன்று. மேட்டை வெட்டிய அந்த இடத்தின் வழியாகத்தான் இப்போது சைக்கிள் பாதை போகிறது. நாங்கள் சைக்கிளை நிறுத்தி, இரண்டு பக்கமும் எழும்பிய மண்சுவரையும் வளைவையும் பார்த்தோம். பெட்டிகள் எந்தப் பக்கம் போய் மோதியிருக்கும் என்று அங்கே நின்றால் புரிகிறது. அந்த இடம் வேலி போட்ட தனியார் மேய்ச்சல் நிலமாகியிருந்தால் அது நமக்கு எப்படித் தெரியும்? ரயில் ஓடிய மண்ணை மக்கள் கால் படும்படி வைத்திருப்பதுதான் ரயிலுக்கு மரியாதை என்று நான் நினைக்கிறேன்.

வடலி

செல்வி தங்கச்சி, ராசு தம்பி, இரண்டு பேரும் கதைக்கிறதை வெலிங்டனில் இருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு விஷயம் விடுபட்டுப் போகிறது.

1990ல் ஒட்டாகோப் பாதை மூடப்பட்டது என்று செல்வி எழுதியிருக்கிறா. அதே 1990ல்தான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வந்த எங்கள் யாழ்தேவி ரயிலும் நின்றது. இது போரால். பிறகு வவுனியாவுக்கு வடக்கே தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கிளப்பி, பதுங்குகுழிகளுக்குப் போட்டார்கள். நான் பெடியனாக இருந்தபோது கோச்சி (ரயில்) வந்த பாதை வெறும் மண்மேடு. சில இடத்தில் சைக்கிளில் போவோம், சில இடத்தில் பற்றை. சில இடத்தில் போக்கிடம் இல்லாத சனம் கொட்டில் போட்டு இருந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குக் கோச்சி திரும்ப வந்தது. அடுத்த வருடத் தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை போனது. இருபத்துநாலு வருடம்.

எப்படித் திரும்ப வந்தது? இரும்பு இருந்ததாலா? ஒரு துண்டு இரும்பும் இருக்கவில்லை. அந்த நீளமான நிலம் அரசாங்கக் கையில் ஒரே துண்டாக இருந்தது. அதுதான். கொட்டில் போட்ட சனத்தை எழுப்ப வேண்டி வந்தது, அது வேற வலி. ஆனால் நிலம் துண்டு துண்டாக விற்றுப் போயிருந்தால் எவ்வளவு கடன் வாங்கினாலும் பாதை திரும்பியிருக்காது.

ஆகவே ராசு தம்பி, இரும்பைக் காப்பாற்றுவதைவிட நிலத்தைக் காப்பாற்றுவது முக்கியம். ஆள் நடமாட்டம் உள்ள சைக்கிள் பாதையைப் போல நிலத்தைக் காப்பது வேறில்லை. யாராவது வேலியை அரை அடி தள்ளினாலும் அடுத்த நாளே நூறு பேர் பார்ப்பார்கள்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 1983ல் தேசியப் பாதைகள் சட்டத்தைத் திருத்தினார்கள். ரயில் கம்பனி கைவிடும் தடத்தை, பின்னொரு நாள் ரயில் வேண்டுமென்றால் திருப்பிக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு சைக்கிள் பாதைக்குக் கொடுக்கலாம். நிலத்தின் பழைய உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சட்டம் செல்லும் என்று 1990ல் அங்கத்தைய உச்ச நீதிமன்றம் சொன்னது. மிசூரியில் 380 கி.மீ.க்கு மேல் போகிற கேட்டி டிரெய்ல் அந்த வழியில் வந்ததுதான்.

போடி_ராசு

அண்ணை, நீங்கள் சொல்வதைத் தள்ள முடியவில்லை. ஆனால் ஒரு கேள்வி. அமெரிக்காவில் அப்படிப் பத்திரமாக வைத்த தடங்களில் எத்தனையில் ரயில் திரும்ப வந்தது? விரல் விட்டு எண்ணலாம். ஒருமுறை சைக்கிள் பாதை ஆகிவிட்டால், பக்கத்தில் விடுதி வரும், கடை வரும், அந்தப் பாதையைக் காக்க ஒரு கூட்டம் வரும். திரும்ப ரயில் என்று யாராவது வாய் திறந்தால் முதலில் எதிர்ப்பது அவர்கள்தான். எழுத்தில் இருக்கிற நிபந்தனை எழுத்திலேயே இருந்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் திரும்ப வந்ததற்கு நிலம் காரணம், சரி. சனம் விடாமல் கேட்டதும் காரணம் இல்லையா? யாழ்தேவி வேண்டும் என்று அவர்கள் மறக்கவே இல்லை. தண்டவாளம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால்தான் கேட்கிற வாய் இருக்கும். டனீடினில் அந்த வாய் இன்னும் இருக்கிறது. டைரி மலையிடுக்கு ரயிலில் சின்ன வயதில் போனதை என்னோடு வேலை செய்கிறவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

வடலி

அது சரிதான் தம்பி. சனம் மறக்கவில்லை. அதை நான் மறுக்க மாட்டேன்.

சைக்கிள்_செல்வி

ராசு, ஒன்று கேட்கிறேன். மிடில்மார்ச்சிலிருந்து புகெராங்கி வரை ஓரளவு திறந்த வெளி. தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே பாதை போட இடம் உண்டு. அதற்காவது சம்மதமா?

போடி_ராசு

அதற்கு முழுச் சம்மதம். தண்டவாளத்தைத் தொடாமல் பக்கத்தில் போடுங்கள், நானே மண்வெட்டியோடு வருகிறேன். ரயில் புகெராங்கி வரை, சைக்கிள் அங்கிருந்து கிளைட் வரை. ரோட்டில் லாரியோடு மிதிக்கிற அந்த 19 கி.மீ. தொல்லையும் தீரும். ஆனால் புகெராங்கிக்குக் கிழக்கே மலையிடுக்கில் இரண்டுக்கும் இடமில்லை. குகைக்குள் ஒன்றுதான் போக முடியும். அங்கே ரயில்தான்.

சைக்கிள்_செல்வி

அங்கேதான் நமக்கு ஒத்துப்போகாது. மலையிடுக்கு இல்லாத பாதை எனக்குப் பாதிப் பாதை. ரயில் தினமும் ஓடும் என்று நகராட்சி எழுத்தில் கொடுத்தால் நான் வாய் மூடிக்கொள்கிறேன். அப்படி யாரும் கொடுக்கவில்லை. எப்போதாவது ஓடும் ஒரு ரயிலுக்காக, வருடம் முழுக்க மக்கள் நடக்கவும் ஓட்டவும் கூடிய ஒரு மலையிடுக்கை அடைத்து வைப்பது நியாயமில்லை.

கிளைடுக்கு அந்தப் பக்கம் என்ன ஆனது என்று பாருங்கள். கிளைட்–குரோம்வெல் தண்டவாளத்தை 1980ல் மூடினார்கள், அணை நிரம்பியதும் அந்தத் தடமே டன்ஸ்டன் ஏரிக்கு அடியில் போய்விட்டது. அதற்காக ஊர் உட்காரவில்லை. 2021ல் ஏரிக்கரைப் பாறையில் பலகைத் தடங்களைத் தொங்கவிட்டு, குரோம்வெல்லையும் கிளைடையும் சைக்கிளில் மறுபடி சேர்த்துவிட்டார்கள். அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. கடல் பக்கம் மட்டும்தான் பாக்கி. குரோம்வெல்லில் ஏறி உட்கார்ந்த ஒரு பிள்ளை டனீடின் வரை ஒரு லாரிக்கும் வழிவிடாமல் மிதித்து வரலாம். அதை நினைத்தால் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கலப்பை

அக்கா, எங்கே முடித்தாலும் வழியில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் கேளுங்கள். இருக்கிற பாதையில் சில இடத்தில் இரண்டு ஊருக்கு நடுவே ஒன்றும் கிடையாது, பண்ணை வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். மரநிழலும் கிடையாது.

வடலி

மனு எழுதுகிறவர்கள் எப்படி எழுதினாலும் ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கிறேன்: "இரும்பு இருந்தாலும் எடுத்தாலும், விங்கடுயியிலிருந்து மிடில்மார்ச் வரையுள்ள தட நிலத்தில் ஒரு அடியும் தனியாருக்கு விற்கவோ நீண்ட குத்தகைக்குக் கொடுக்கவோ கூடாது, பாலமும் குகையும் ரயில் பாரத்துக்குத் திரும்பக் கொண்டுவர முடியாதபடி எதையும் இடிக்கவோ மாற்றவோ கூடாது."

சைக்கிள்_செல்வி

இந்த வரி என் மனுவில் முதல் பத்தியிலேயே இருக்கும் அண்ணா. பாலத்தில் பலகை போடுவதைத் தடுக்காத வரைக்கும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

போடி_ராசு

நான் அக்கா மனுவில் கையெழுத்துப் போடவில்லை. புகெராங்கிக்குக் கிழக்கே ஒரு ஆணியைக்கூடக் கழற்றக் கூடாது, சைக்கிள் ஏற்றும் ரயிலைத் திரும்ப விட வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன். வடலி அண்ணையின் வரியை அதிலும் அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

வடலி

எடுங்கோ தம்பி. இரண்டு மனுவிலும் அது இருக்கட்டும்.